நான் கூட்டி வைத்த ஒரு கோபுரம்

போர்ச்சுக்கல் நாட்டுக் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரை, அந்த ஊர்க்காரர் ஒருவரையும் கேட்காமல், தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் உட்கார்ந்தபடியே மாநகரமாக உயர்த்திய முட்டாள் நான்தான். அரசாணை கிடையாது, தேர்தல் கிடையாது, யாரும் மனு கொடுக்கவும் இல்லை. இரண்டு அங்குல வெள்ளைச் சாட்டின் துணி, கொஞ்சம் நூல், அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை, இவ்வளவுதான் செலவு. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிர்த்த டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லும்போது அந்த ஊர் தலைநகரமே ஆகியிருக்கும்.

எனக்குக் கொடி தைக்கிற தொழில். கட்சிக் கொடி, கோயில் கொடியேற்றத்துக்கான கொடி, மாதா கோயில் கொடி, தர்கா கொடி, பள்ளிக்கூட விளையாட்டு விழாக் கொடி என்று எது கேட்டாலும் தைப்பேன். தேரில் தொங்கவிடும் தொம்பையும் தேர்ச்சீலையும் உண்டு. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத மூன்று கட்சிகளின் கொடிகள் என் மேஜையில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். தஞ்சாவூரிலேயே அவர்கள் சண்டை போடாமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

கொடி தைக்கிறேன் என்றாலும், ஒன்பது வருடம் நான் பாதிக் கொடிதான் தைத்தேன். மீதிப் பாதி என் நண்பனுடையது. அவன் வெட்டுவான், நான் தைப்பேன். ஊசியை அவன் தொட்டதே இல்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னிடம்தான் கழற்றி நீட்டுவான். "கத்தரி புடிச்ச கையில ஊசியக் குடுத்தா கத்தரி கோவிச்சுக்கும் மாப்ள" என்பான். அவன் வெட்டும் மேஜையும் என் மெஷினும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடம். காலையில் ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்குகிற வரைக்கும் அவன் முகத்தைத்தான் நானும், என் முகத்தைத்தான் அவனும் பார்த்தாக வேண்டும். என் மனைவிகூட என்னை இத்தனை மணி நேரம் தொடர்ந்து பார்த்தது கிடையாது. பார்த்திருந்தால் இருந்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

தேர்தல் வந்துவிட்டால் துணிக்கட்டுகள் கூரையைத் தொடும். ஐம்பது அடுக்குத் துணியைச் சாக்கட்டியால் ஒரே ஒரு கோடு போட்டு அவன் வெட்டுவான். அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் நூலிழை பிசகாது. துணி வெட்டுப்படும் 'கறுக் கறுக்' சத்தமும் என் மெஷினின் கடகடப்பும் சேர்ந்து வருவதுதான் எங்கள் கடையின் மேளக்கச்சேரி. மழை நாளில் கூட்டம் இருக்காது. எதிர்க்கடையிலிருந்து டீ வரும், கூடவே நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடை. வடையையும் அவன்தான் பாதியாகப் பிய்ப்பான். அதிலும் ஒரு பக்கம் கூடாது, ஒரு பக்கம் குறையாது.

என் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யார் எதைத் தைக்கச் சொன்னாலும் அதைக் கொஞ்சம் மேம்படுத்தித் தராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பள்ளிக்கூடம் தன் சின்னத்தில் குத்துவிளக்கு வைத்திருந்தது. விளக்கில் இரண்டு சுடர். இரண்டு என்ன இரண்டு, ஐந்து முகமாக எரியட்டும் என்று ஐந்து சுடர் வைத்து நாற்பது கொடி தைத்துவிட்டேன். தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். "என்னங்க இது, பள்ளிக்கூடம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். நாற்பதையும் நான் பிரிக்க, அவன் மறுபடி வெட்டிக் கொடுத்தான். "மாப்ள, கேட்டதத் தை. கேக்காததத் தைக்காத. ஒன்னால எனக்கு ரெட்ட வேல" என்றான். அன்றைக்கு மத்தியானம் வடையில் எனக்குப் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகவே வந்தது.

அவன் ஊர் நாகப்பட்டினம் போகிற வழியில், கடைமடையில். ஆற்றில் தண்ணீர் விட்ட சேதி எங்களுக்கு வந்து, நாங்கள் அதை மறந்தும் போன பிறகுதான் அவன் அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் வரும். சில வருடம் வராது. அவன் பிழைப்பு வயலை நம்பி இல்லை என்றாலும், வயலின் பிழைப்பு அவனை நம்பித்தான் இருந்தது. தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்று ஒவ்வொன்றாக வந்தபோது அவன் முதலில் வளைகுடாவுக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து அங்கிருந்தே போர்ச்சுக்கல். மனைவி தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் இங்கேயே இருந்துகொண்டார்.

அங்கே அவனுக்குப் பழம் பறிக்கிற வேலை. கடலோரமாகப் பிளாஸ்டிக் கூடாரங்கள் மைல் கணக்கில் இருக்குமாம். அதற்குள் வளரும் சிவப்புப் பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். "நெல்லு வெளயிற மண்ணுலேர்ந்து வந்து, ஒத்த ஒத்தப் பழமாப் பறிக்கிறேன் மாப்ள. கொஞ்சம் அழுத்திப் புடிச்சாலும் நசுங்கிரும். அம்பது அடுக்குத் துணி வெட்டுன கைடா இது!" என்று குரல் செய்தி அனுப்புவான். கடலைப் பற்றியும் சொல்வான். "நம்ம கடல்ல சூரியன் ஏறும்ல, இங்க இறங்குது. மொத வருஷம் பூரா கடல எந்தப் பக்கம் வச்சு நிக்கிறதுன்னே தெரியல."

ஒரு விஷயத்தை மட்டும் அவன் சிரிக்காமல் சொல்வான். அந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாதா திருவிழா. கோயிலிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு ஊரே துறைமுகம் வரைக்கும் நடக்கும். பிறகு படகில் ஏற்றிக் கடலைச் சுற்றி வருவார்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குச் சின்ன வயதிலிருந்து நடந்தே போனவன் அவன். அங்கே ஐந்து வருடமாக ரொட்டிக்கடைச் சுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினான். யாரும் நடக்கக் கூடாது என்று சொன்னதில்லை. நட என்றும் சொன்னதில்லை. "அழைக்காம எப்படி மாப்ள நடக்குறது? கல்யாண வீட்டுல பந்தியில தானாப் போயி ஒக்கார முடியுமா?"

ஆறாவது வருடம் அழைப்பு வந்தது. அழைத்தவர் மீன்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள். திருவிழா ஊர்வலத்தில் யார் எந்த வரிசையில் நடப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மத்தி மீன் வாங்கப் போன இவனிடம், "நீங்களும் வாங்களேன், உங்க கூட்டமா நடங்க. ஏதாவது ஒரு கொடி கொண்டு வாங்க" என்றிருக்கிறார். என்ன கொடி என்று, இவனும் கூடவே பழம் பறிக்கிற நம் பக்கத்து ஆட்களுமாகப் பன்னிரண்டு பேரும் அறையில் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இவன், "நாம இருக்கிறது இந்த ஊரு. இந்த ஊர்க் கொடியையே எடுத்துட்டு நடப்போம்" என்றிருக்கிறான். அதை அந்த அம்மாளிடமும் போய்ச் சொல்லி, "எங்க ஊருல நான் கொடி வெட்டுறவன், நானே தருவிக்கிறேன்" என்று மார்தட்டிவிட்டான். அவர் மத்தியை எடை போட்டுக்கொண்டே, "கொண்டு வந்து காட்டு. ஒழுங்கா இருந்தா முன் வரிசை" என்றாராம். ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ரொட்டிக்கடைச் சுவர் அங்கேயேதான் இருந்தது.

"மாப்ள, ஒன்ன நம்பித்தான் சொல்லிட்டேன். பன்னண்டு பேரு. அசிங்கப்படுத்திராத" என்றான்.

"என்னை நம்பு" என்றேன். பள்ளிக்கூட விளக்கை அவன் மறந்திருக்க மாட்டான். வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

போட்டோ வந்தது. அந்த ஊர் அலுவலக மாடியில் பறக்கும் கொடி. அழகான கொடி. நான்கு கட்டம், நீலமும் வெள்ளையும் குறுக்கே மாறி மாறி. நடுவில் கேடயம். கேடயத்துக்குள் ஒற்றைப் பாய் விரித்த படகு, கீழே மூன்று வரி அலை, அலைக்குள் இரண்டு மீன். அடியில் ஒரு வெள்ளை நாடா, அதில் ஊர்ப் பெயர். பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் யாராவது தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், இன்றுவரை அது என் வாயில் நுழையவில்லை என்பது இன்னொரு பக்கம். எழுத்துகளை நான் படிக்கவில்லை, பார்த்து வரைந்தேன். சோழன் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு பாண்டியனின் மீன் கொடி தைக்கிறோமே என்று ஒருமுறை பெரிய கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கேடயத்துக்கு மேலே ஒரு வெள்ளிக் கிரீடம். ராஜா தலையில் இருக்கிற மாதிரி இல்லை. கோட்டை மதில் மாதிரி, மதில் மேல் வரிசையாகக் கோபுரங்கள். எண்ணினேன். நான்கு.

நான்கா?

எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால்தான் இது எவ்வளவு உறுத்தும் என்று புரியும். கோபுரத்து உச்சியில் கலசங்கள் மூன்று நிற்கும், ஐந்து நிற்கும், ஏழு, ஒன்பது நிற்கும். இரட்டைப்படையில் ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். சீர்காழிக்குப் போனாலும் கும்பகோணத்துக்குப் போனாலும் பஸ் ஜன்னலிலிருந்து கலசத்தை எண்ணிக்கொண்டே போவது எனக்கு ஒரு வியாதி. அப்படிப்பட்டவன் கையில் நான்கு கோபுரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காற்றில் கொடியின் வலது பக்கம் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. சரிதான், ஐந்தாவது அந்த மடிப்புக்குள் போய்விட்டது என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் எனக்குப் பளிச்சென்று தெரிந்த விஷயம் எதுவும் சரியாக இருந்ததில்லை என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்குக் கொடியேற்றத் துணி வாங்கக் குருக்கள் ஒருவர் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"சாமி, கோபுரத்துல நாலு கலசம் வைக்கிறது உண்டா?"

"நாலா? மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. நாலு வச்சு நான் பாத்ததில்ல. எந்த ஊரு கோபுரம்?"

"போர்ச்சுக்கல்ல சாமி."

குருக்கள் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எந்த ஸ்தபதிய வச்சுக் கட்டுனாங்களாம்?"

"தெரியலீங்களே."

"தெரியாதத விசாரிச்சுட்டுச் செய்யி. அவங்க ஊரு வழக்கம் என்னவோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டேன். விசாரிக்கச் சொன்ன பாதியை அவரோடே அனுப்பிவிட்டேன். நண்பனுக்கு ஒரு வரி அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் நான் நினைத்ததைச் செய்ய முடியாது. அதனால் கேட்கவில்லை.

மூன்று வாரம் தைத்தேன். தொம்பைக்குத் தைப்பது போல ஒவ்வொரு உருவத்தையும் தனித் துணியில் வெட்டி, ஒட்டி, ஓரம் நெருக்கி அடித்தேன். படகின் பாய் காற்றில் உப்பினது போல வர அடியில் கொஞ்சம் பஞ்சு. மீனுக்குக் கண் வைக்கிற அன்று கறுப்பு நூல் சரியில்லை என்று கடை கடையாக அலைந்தேன். வெட்டும்போது மட்டும் எதிரே மேஜை காலியாக இருப்பது உறைத்தது. இப்போது துணி வெட்ட வேறு ஆள் இருக்கிறார். நல்ல வேலைக்காரர். ஆனால் சுவரைப் பார்த்து நின்று வெட்டுவார். நான் ஒரு அசட்டு ஜோக் சொன்னால் அது அவர் முதுகில் பட்டுத் திரும்பி வரும்.

கோபுரங்களைச் சற்று ஒல்லியாக்கி, நெருக்கி, ஐந்தையும் உட்கார வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணம்.

கொடியை எடுத்துப்போக நண்பனின் மனைவி வந்தார். அவனோடு வேலை செய்யும் சீர்காழிக்காரர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பெட்டியில் ஊறுகாயோடு கொடியும் போவதாக ஏற்பாடு. வெட்டும் மேஜையில் விரித்துக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்தார். மீனைத் தொட்டார். பாயை அமுக்கினார்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே. இது என்ன, கோட்டையா?"

"கிரீடம்மா."

"அவரு அனுப்புன போட்டோவுல இத்தன இருந்துச்சா?"

"காத்துல மடிஞ்சிருந்துச்சு. நான் பிரிச்சு வச்சிருக்கேன்."

"ம்" என்றார். நர்ஸ்கள் ஜுரமானியைப் பார்த்துவிட்டு ஒரு 'ம்' சொல்வார்களே, அந்த 'ம்'.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. கடையில் நல்ல கூட்டம். அவனுக்கு அங்கே காலை ஆறரை, வேலைக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீடியோ அழைப்பு. கொடி வந்து சேர்ந்துவிட்டது, பாராட்டத்தான் கூப்பிடுகிறான் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"மாப்ள. கோபுரம் எத்தன வச்ச?"

"அஞ்சு. போட்டோவுல ஒண்ணு மடிப்புல போயிருச்சுடா, நான்தான்..."

"மடிப்புல ஒரு மண்ணும் இல்ல. நாலுதான். கொடிய எங்க ஓனருகிட்ட காட்டுனேன். பாத்ததும் சிரிச்சான். அப்பறம் சிரிக்கிறத நிறுத்திட்டான்."

பிறகு விளக்கினான். அந்த நாட்டில் எல்லா ஊர்க் கொடியிலும் இந்தக் கிரீடம் உண்டாம். மூன்று கோபுரம் என்றால் கிராமம், நான்கு என்றால் டவுன், ஐந்து என்றால் மாநகரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். இதில் பெரிய வம்பு என்னவென்றால், பக்கத்திலேயே இன்னொரு ஊர் மாநகரமாகி ஐந்து கோபுரம் வாங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான்கு விரலை விரித்துக் காட்டிக் கேலி செய்வார்களாம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பக்கத்து ஊர் மாநகராட்சி ஆன வயிற்றெரிச்சலில் இருக்கிற ஒரு பேரூராட்சியின் எல்லைப் பலகையில், பிழைக்க வந்த வெளியூர்க்காரன் ஒருவன் 'மாநகராட்சி அன்புடன் வரவேற்கிறது' என்று பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவது போல.

"பன்னண்டு பேரும் இதத் தூக்கிட்டு முன்னால நடந்தா என்ன நெனப்பாங்க? கிண்டல் பண்ண வந்திருக்கானுங்கன்னுதான? ஆறு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்காங்கடா." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழம ஊர்வலம். சனிக்கிழம சாயங்காலம் அந்தம்மாகிட்ட காட்டணும்."

கொடி வாங்க வந்திருந்த கட்சிக்காரர் ஒருவர் நடுவில் புகுந்தார். "அண்ணே, கவலப்படாதீங்க. நாங்க ஆட்சிக்கு வந்தா அந்த ஊரையும் மாநகராட்சி ஆக்கிர்றோம். அப்படியே விட்றச் சொல்லுங்க."

"மன்னிச்சுக்கடா" என்றேன் போனில்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம். இத எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்லு."

நான் வேறு கொடி தைத்து அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேராது. அங்கே தையற்காரர் தேடினால் விஷயம் ஊருக்குள் பரவிவிடும். ஊசியைத் தொடாதவன் தொட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஓட்டைப்பல் மாதிரி இருக்கும். ஐந்தையும் பிரித்துவிட்டு, கொஞ்சம் அகலமாக நான்கு புதிதாக வெட்டி, பழைய ஊசித் துளை தெரியாமல் மூடித் தைக்க வேண்டும். நல்ல வேளையாக, எப்போதும் போல மிச்சத் துணி ஒரு முழம் கொடியோடு சேர்த்து மடித்து அனுப்பியிருந்தேன்.

புதன்கிழமை காலை அதே பதினொரு மணிக்குத் தொடங்கினோம். போனை எங்கே வைப்பது என்று பார்த்தேன். வெட்டும் மேஜையில் நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்தேன். மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். அவன் முகம் சரியாக அது எப்போதும் இருந்த உயரத்தில் இருந்தது. தலையில் நரை கூடியிருந்தது. பின்னால் இரும்புக் கட்டில், கயிற்றில் காயும் சட்டைகள். மற்றபடி அதே மூஞ்சி.

"பிளேட பாதியா ஒடச்சுக்க. கொடியப் பின்பக்கமாத் திருப்பு. மூணு மூணு தையலா அறு. முன்னால இழுத்தா வந்துரும்."

"இம்புட்டு நெருக்கியாடா தைப்ப? கோபுரம் என்ன ஓடியா போயிரும்?"

"ஒன் கையில குடுத்தா ஓடிரும்ல."

"வாய மூடிட்டுச் சொல்லு."

அதை எப்படிச் செய்வது என்று நான் யோசிப்பதற்குள் முதல் கோபுரம் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே ஐந்தையும் பிரித்துவிட்டான். கொதிக்கிற கெண்டியின் ஆவியில் துணியைக் காட்டி, நகத்தால் தேய்த்து ஊசித் துளைகளை அடைக்கச் சொன்னேன். பிறகு மிச்சத் துணியை நான்காக மடித்துப் போட்டு வெட்டினான். சமையலறைக் கத்தரி. கோடுகூடப் போடவில்லை. நான்கும் ஒரே அச்சு. 'கறுக் கறுக்' என்று அந்தச் சத்தம் போனில் கேட்டபோது, கடையில் இப்போது வெட்டுகிற ஆள்கூடச் சுவரை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை தையல். அவன் ஊசி பிடித்த அழகை எழுத முடியாது.

"ஏன்டா காலுல முள்ளு எடுக்குற மாதிரி குத்துற? சாச்சுப் புடி."

"ரத்தம் வருது மாப்ள."

"கொடியில படாமப் பாத்துக்க."

"ஆளு எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"ஆளுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. கொடிக்கு என்ன இருக்கு?"

இரண்டு கோபுரம் முடிந்திருந்தது. வேலைக்குப் போக அவனுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மூன்றாவதைத் தொடங்கியிருக்கலாம். தொடங்கியிருந்தால் வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னைக்கு இது போதும். நூலு ஆறட்டும்" என்றேன்.

நூல் ஆறுவதா? தையற்கடை வரலாற்றிலேயே இப்படி ஒரு முறை கிடையாது. ஒன்பது வருடம் கொடிக்கடையில் இருந்தவனுக்கு அது தெரியாதா?

"சரி, ஆறட்டும்" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. இங்கே மழை எப்படி, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, டீக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு கட்சிக் கொடிக்கு ஓரம் அடித்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையிலிருந்து வடை வந்தது. பிய்த்தேன். ஒரு பக்கம் பெரிதாகப் போய்விட்டது. அதை நானே தின்றேன்.

வெள்ளிக்கிழமை அவன் மனைவி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்றாவது கோபுரம் முடிந்ததும் நான் மறுபடியும் நூல் ஆற வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"ஏண்ணே, நூலு என்ன காப்பியா, ஆறுறதுக்கு?" என்றார். "நாளைக்குச் சாயங்காலம் அவரு கொண்டுபோயிக் காட்டணும். ரெண்டு பேரும் பேசணும்னா போன் போட்டுப் பேசுங்க. கொடிய வச்சுக்கிட்டு வெளையாடாதீங்க."

திரையில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால் நான்காவது சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. சனிக்கிழமை காலை வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் தைத்தான். அந்த அவசரத்துக்குக் காரணம் நான். அதனால்தான் கடைசிக் கோபுரம் ஒரு மயிரிழை சாய்ந்தது.

"எண்ணு" என்று கொடியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"மறுபடி எண்ணு."

மறுபடியும் எண்ணினேன். கடையில் இருந்த மூன்று வாடிக்கையாளர்களையும் எண்ணச் சொன்னான். அவர்களும் எண்ணினார்கள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மீன்கடை அம்மாளிடம் காட்டினானா, அவர் என்ன சொன்னார், ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனாலும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து அவன் மனைவி நேராக இங்கே வந்துவிட்டார். வெட்டும் மேஜை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே காலைப் பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பும் நேரம் நமக்கு மத்தியானம் இரண்டரை. இரண்டரை ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. "காட்டுனப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்களோ என்னமோ" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்த எண்ணெய் வழிந்தது.

நான்கு மணி வாக்கில் சீர்காழிக்காரரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பேண்டு வாத்தியம், வெள்ளை வீடுகள், இறக்கமான ஒரு கல் பாவிய தெரு, கடைசியில் கடல். மாதா சொரூபம் பூவுக்குள் அசைந்து அசைந்து வருகிறது. அதற்கு நேர் முன்னால் வெள்ளைச் சட்டையில் பன்னிரண்டு பேர். நடுவில் அவன். கொம்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். கடல்காற்றில் கொடி படபடக்கிறது. ஒரு பருமனான அம்மாள் நடந்துகொண்டே வந்து, அவன் கொம்பில் சிக்கிய குஞ்சத்தை எடுத்துவிட்டு, பிறகு அவன் பக்கத்திலேயே நடக்கிறார்.

அவன் மனைவி அதை ஐந்து முறை பார்த்தார். நான் என் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்குதான். கடைசியில் இருப்பது சாய்ந்துதான் இருந்தது.

ஐந்து மணிக்கு அவன் மனைவியைப் போனில் கூப்பிட்டான். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் வெளியே போய் நின்றேன். பிறகு அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கின வேகத்தில் கொட்டினேன்.

"மாப்ள, கொடியப் பாத்துட்டு என்னடா சொன்னாங்க? பாய் உப்பினது தெரிஞ்சுதா? அந்தக் கடைசிக் கோபுரம் சாஞ்சிருக்கே, யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"கொடிய எவன்டா பாத்தான், என்னயதான் பாத்தாங்க."